பழைய டிவியின் உண்மையான சைஸ் எவ்வளவு? வீடியோ கேம் மாட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த கலர் டிவியைப் போன வருஷம் கீழே இறக்கினேன். அதன் கண்ணாடி மேல் ஒட்டுகிற மாதிரி ஒரு கலர் ஷீட் செய்ய வேண்டும் என்று ஆசை. எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். டிவியின் முன்பக்க ஸ்டிக்கரில் 51 செ.மீ. என்று போட்டிருந்தது. அதை நம்பி, கணக்குப் போட்டு, அகலம் 40.8, உயரம் 30.6 என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து கடையில் ஷீட்டை வெட்டி வாங்கி வந்தேன். வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரு செ.மீ.க்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. வெட்டியவர் சரியாகத்தான் வெட்டியிருந்தார், கணக்கிலும் பிழை இல்லை. ஸ்டிக்கரில் இருந்த 51 என்பது நம் கண்ணுக்குத் தெரியும் படத்தின் அளவே கிடையாது.

ஆகவே பழைய டிவியில் பழைய வீடியோ கேம் ஆட நினைப்பவர்கள், ஜாய்ஸ்டிக்கைத் தொடுவதற்கு முன் இன்ச் டேப்பை எடுங்கள். எந்த கேமை எந்த டிவியில் ஆடுவது, எவ்வளவு தூரம் தள்ளி உட்காருவது, ஷீட்டை எப்படி வெட்டுவது என்று எல்லாமே அந்த அளவிலிருந்துதான் தொடங்குகிறது.

டிவி சைஸ் என்பது மூலைக்கு மூலை குறுக்காக அளப்பது, இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் ஊரில் டியூப் டிவி விற்ற காலம் முழுக்க, சொன்ன அளவு பிக்சர் டியூப் என்ற கண்ணாடிக் குடுவையின் முழு அளவு. அந்தக் கண்ணாடியின் ஓரம் கொஞ்சம் கேபினெட்டின் முன் சட்டத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். அதனால் 20 இன்ச் என்றும் 51 செ.மீ. என்றும் சொல்லி விற்ற கலர் டிவியில் கண்ணுக்குத் தெரிவது சுமார் 48 செ.மீ. தான். 14 இன்ச் டிவியில் 34 செ.மீ., 21 இன்ச் டிவியில் 51 செ.மீ., 29 இன்ச் டிவியில் 68 செ.மீ. இந்த நாலு எண்ணையும் மனதில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான வேலை முடிந்தது. 21 இன்ச்சில் உண்மையிலேயே 51 தெரியும், 20 இன்ச்சின் ஸ்டிக்கரிலும் 51 என்று இருக்கும். நான் ஏமாந்தது அந்த இடத்தில்தான்.

சரி, உங்கள் டிவியை நீங்களே அளப்பது எப்படி? பழைய டியூபின் கண்ணாடி வெளிப்பக்கம் புடைத்திருக்கும், மூலைகளும் உருண்டையாக இருக்கும். தையல்காரர் டேப்பைக் கண்ணாடி மேல் படிய வைத்து அளந்தால் வளைவோடு சேர்த்து அளவு கூடுதலாகக் காட்டும். மூலையில் எங்கே தொடங்குவது என்பதும் குழப்பம். அதனால் குறுக்காக அளக்கவே வேண்டாம். கண்ணாடி தெரியும் இடத்தின் இடது ஓரத்தில் ஓர் அட்டையை நிமிர்த்திப் பிடியுங்கள், வலது ஓரத்தில் இன்னொன்று. இரண்டு அட்டைக்கும் நடுவில் உள்ள நேர் தூரத்தை மர ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். இதுதான் அகலம். பழைய டிவி எல்லாம் 4:3 வடிவம் என்பதால், பள்ளியில் படித்த 3, 4, 5 முக்கோணம் இங்கே அப்படியே பொருந்தும்: அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு, குறுக்களவு 5 பங்கு. அகலத்தை 4ஆல் வகுத்து 5ஆல் பெருக்கினால் குறுக்களவு வந்துவிடும். அகலம் 27.2 செ.மீ. வந்தால் குறுக்களவு 34, அது 14 இன்ச் டிவி. 38.4 வந்தால் 48, அது 20 இன்ச். வளைவோடு சேர்த்த அளவு ஷீட் வெட்டும்போது மட்டும் தேவைப்படும், அப்போது தையல் டேப்பே சரி.

இன்னொரு வழியும் உண்டு. டிவியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கக் காற்றுத் துளை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். டியூபின் மேல் ஒரு சின்ன லேபிள் ஒட்டியிருக்கும். பல கலர் டியூப்களில் ஏ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி ஓர் எண் வரும். ஏ34 என்றால் கண்ணுக்குத் தெரியும் அளவு 34 செ.மீ., ஏ48 என்றால் 48, ஏ51 என்றால் 51, ஏ68 என்றால் 68. ஸ்டிக்கரை விட இந்த லேபிளை நம்பலாம். ஆனால் இன்னும் பழைய முறையில் பெயரிட்ட டியூப்களில் அந்த எண் முழுக் கண்ணாடியின் அளவாக இருக்கும், ஆகவே ஸ்கேலால் அளந்ததோடு ஒத்துப் பாருங்கள். லேபிளைப் படிக்க வேண்டும் என்று பின் மூடியைக் கழற்றாதீர்கள். கலர் டியூபுக்குள் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும், கருப்பு வெள்ளையில்கூட 10,000ஐத் தாண்டும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் அந்த மின்சாரம் தங்கியிருக்கும். அதற்குப் பழகிய மெக்கானிக் மட்டும்தான் மூடியைத் திறக்க வேண்டும்.

பழைய கேம் பற்றி அமெரிக்கக்காரர்கள் பேசும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு டிவி தேடுபவர்களுக்கு ஒரு விஷயம். அங்கே 1960களின் பின்பாதியிலிருந்தே கண்ணுக்குத் தெரியும் அளவைத்தான் சொல்ல வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஆகவே அவர்கள் 13 இன்ச் என்றால் அது நம்ம 14 இன்ச். அவர்களின் 19 இன்ச் நம்ம 20, அவர்களின் 20 நம்ம 21, அவர்களின் 27 நம்ம 29. இது தெரியாமல், 13 இன்ச் டிவிதான் வேண்டும் என்று பர்மா பஜார் தொடங்கி அல்லிக்குளம் மூர் மார்க்கெட் வரை ஒருவர் அலைந்து திரிந்து, வழியில் பார்த்த இரண்டு நல்ல 14 இன்ச் டிவியை விட்டுவிட்டு வந்தார். அவர் தேடியதும் அதுதான்.

இப்போது முக்கியமான கேள்வி, எந்த சைஸ் நல்லது? என் பதில் 14 இன்ச். பெரிதாக இருந்தால்தான் நன்றாக இருக்கும் என்பது இன்றைய எல்இடி டிவிக்குச் சரி, டியூப் டிவியில் ஆடும் பழைய கேமுக்குச் சரிவராது. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

பழைய கேம் பெட்டிகள் டிவிக்கு அனுப்பிய படத்தில் கோடுகள் குறைவு. 1977ல் வந்த அட்டாரி 2600 ஒரு படத்துக்கு 192 கோடுகள் அளவில்தான் வரையும். அதன் நினைவகம் மொத்தமே 128 பைட், ஒரு முழுப் படத்தை வைத்துக்கொள்ள அதில் இடமே கிடையாது. டியூபில் எலெக்ட்ரான் கற்றை ஒவ்வொரு கோடாக ஓடும்போது, அதற்குச் சரியாக ஈடுகொடுத்து அந்தந்தக் கோட்டை அந்தந்த நொடியில் தயார் செய்து அனுப்பியது. 1983ல் ஜப்பானில் வந்த நின்டெண்டோ பெட்டி 256க்கு 240 புள்ளிகள். 90களில் நம் தெருக்களில் வீடியோ கேம் என்ற ஒரே பெயரில் சுற்றிய, கேசட் செருகும் பெட்டிகள் எல்லாம் பெரும்பாலும் அதன் நகல்தான். அந்த 240 கோடுகள் எவ்வளவு உயரத்தில் பரவுகின்றன என்று பாருங்கள். 14 இன்ச் டிவியில் படத்தின் உயரம் சுமார் 20 செ.மீ., ஒரு கோட்டுக்கு 0.85 மி.மீ. 20 இன்ச்சில் 1.2 மி.மீ. 29 இன்ச்சில் 1.7 மி.மீ. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் இருக்கும் கருப்பு இடைவெளியும் அதே கணக்கில் பெரிதாகும். 14 இன்ச்சில் அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று இழைந்து, மரியோவின் தொப்பியும் மீசையும் தனியாகத் தெரியும் அளவுக்குப் படம் இறுக்கமாக இருக்கும். 29 இன்ச்சுக்கு முன்னால் அதே தூரத்தில் உட்கார்ந்தால் ஜன்னல் கொசுவலை வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கும்.

தூரம் என்று சொன்னதும் நம்ம பக்கத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ, பத்துக்குப் பத்து அறையில் ஒரு பக்கம் பீரோ, ஒரு பக்கம் கட்டில் போக மீதி இடத்தில் ஐந்தடிக்கு மேல் தள்ளி உட்கார முடியாது. கேம் பெட்டியின் ஜாய்ஸ்டிக் வயரும் அதற்கு மேல் நீளாது. நான் சிறுவனாக இருந்தபோது மணிக்கணக்கில் காசு வாங்கி ஆடவிட்ட கடை ஒன்று எங்கள் தெருமுனையில் இருந்தது, பலகை மேல் வரிசையாக மூன்று கலர் டிவி, மூன்றுமே 14 இன்ச். இடத்துக்கும் பணத்துக்கும் பார்த்து வாங்கியதாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெட்டிக்கு, அந்தத் தூரத்துக்கு, அதைவிடப் பொருத்தமான சைஸ் வேறு இல்லை என்று இப்போது அளந்து பார்க்கும்போது தெரிகிறது. மூன்றரை அடியிலிருந்து நாலடி, 14 இன்ச்சுக்கு அதுதான் என் அளவு. 20, 21 இன்ச் என்றால் ஆறடி வேண்டும். 29 இன்ச் என்றால் எட்டு, ஒன்பது அடி. அது நாலு பேர் சேர்ந்து ஆட ஹால் உள்ள வீட்டுக்கு. அதைத் தூக்கவும் இரண்டு பேர் வேண்டும்.

தூக்குவது பற்றி ஒரு வரி. டியூப் டிவியின் எடை எல்லாம் முன்பக்கக் கண்ணாடியில் இருக்கிறது. கண்ணாடி உங்கள் நெஞ்சைப் பார்த்த மாதிரி அணைத்துத் தூக்குங்கள், இல்லாவிட்டால் முன்னால் இழுத்துக்கொண்டு போய்விடும்.

சின்ன டிவி கிடைப்பதும் நம் ஊரில் சுலபம். 2006 தேர்தலுக்குப் பிறகு தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த கலர் டிவி 14 இன்ச்தான். எல்இடி வந்த பிறகும் அதைத் தூக்கிப் போட மனசில்லாமல் துணி சுற்றிப் பரணில் ஏற்றி வைத்திருக்கும் அத்தை, பெரியம்மா யாராவது உங்களுக்கும் இருப்பார்கள். முதலில் சொந்தக்காரர்களைக் கேளுங்கள், அப்புறம் பழைய சாமான் கடைக்குப் போங்கள். கடைக்காரரிடம் இருப்பது எத்தனை கை மாறியதோ தெரியாது, அத்தை வீட்டு டிவி என்றால் எத்தனை வருஷம் ஓடியது, ஏன் நிறுத்தினார்கள் என்று அவர்களே சொல்வார்கள்.

கடையில் வாங்கினால் ஓடவிட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஆன் செய்ததும் கலர் டிவியில் தும் என்று ஒரு சத்தம் வந்து அடங்க வேண்டும், டியூபைச் சுற்றியுள்ள சுருள் காந்தத்தன்மையைக் கலைக்கும் சத்தம் அது. ஒரு மூலையில் மட்டும் பச்சையோ ஊதாவோ படிந்திருந்தால் பெரும்பாலும் பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்து ஓட்டியிருப்பார்கள். நாலைந்து தடவை, நடுநடுவே அரை மணி நேரம் ஆறவிட்டு, ஆன் செய்தால் பல நேரம் போய்விடும். பத்து நிமிடம் ஓடவிட்டு, படம் மங்கலாகிறதா, ஓரங்கள் உள்ளே சுருங்குகின்றனவா என்று கவனியுங்கள். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடலோரத் தெருவில் இருந்த டிவி என்றால் பின்பக்க ஸ்க்ரூக்களையும் ஆன்டெனா துளையையும் கட்டாயம் பாருங்கள். உப்புக் காற்று முதலில் அரிப்பது அவற்றைத்தான். வெளியே அவை துருப்பிடித்திருந்தால் உள்ளே என்ன நிலைமை என்று ஊகிக்கலாம். ஆன் செய்ததும் பின்னாலிருந்து ஸ்ஸ் என்று சீறல் வந்தாலோ, கருகிய மாதிரி வாசனை வந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். உயர் மின்னழுத்தம் கசிகிறது என்று அர்த்தம்.

கருப்பு வெள்ளை டிவியை ஒதுக்காதீர்கள் என்று தனியாகவே சொல்ல வேண்டும். 1975ல் மெட்ராஸ் தூர்தர்ஷன் தொடங்கியது, 1982ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித்தான் கலர் ஒளிபரப்பு வந்தது. அதற்கு நடுவிலும் அப்புறம் பல வருஷமும் நம் வீடுகளில் இருந்தது கருப்பு வெள்ளைதான். மரக் கேபினெட்டும், இழுத்து மூடும் ஷட்டர் கதவும், பெரும்பாலும் 20 இன்ச் டியூபும். நம்ம ஊரிலேயே தயாரான டயனோரா, சாலிடேர் பெயர்களை மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். கலர் டியூபின் உள்ளே துளைகள் போட்ட உலோகத் தகடு ஒன்று உண்டு, மூன்று நிறங்களைப் பிரிப்பதற்காக. கருப்பு வெள்ளை டியூபில் அது கிடையாது. கற்றை நேரே பூச்சில் விழுவதால் கோடு கத்தி மாதிரி கூர்மையாகத் தெரியும். பந்தைத் தட்டி ஆடும் பழைய வகை கேம்கள், கருப்புப் பின்னணியில் வெள்ளைக் கட்டமும் கோடும் மட்டுமே உள்ளவை, இதில்தான் மிக அழகாக இருக்கும். ஒரு தடவை பார்த்துவிட்டால் கலரில் ஆட மனசு வராது.

இணைப்பதற்கு வருவோம். ஏவி துளை உள்ள டிவி என்றால் சிரமமே இல்லை. மஞ்சள் பின் மஞ்சளில், சத்தத்துக்கு வெள்ளை, ரிமோட்டில் ஏவி. ஏவி இல்லாத டிவி என்றால் கேம் பெட்டியின் ஆர்எஃப் வயரை (படத்தை ஒரு டிவி சேனல் மாதிரி அனுப்பும் வயர்) ஆன்டெனா துளையில் செருகி, விஎச்எஃப் பேண்டில் மெதுவாக டியூன் செய்ய வேண்டும். முதலில் புள்ளி புள்ளியாக வரும், அப்புறம் ஒரு நொடி திரை கருப்பாகும், அங்கே நிறுத்தி நூல் நூலாக நகர்த்துங்கள். மிகப் பழைய கருப்பு வெள்ளை டிவியில் ஆன்டெனாவுக்குத் துளைக்குப் பதில் இரண்டு ஸ்க்ரூ மட்டும் இருக்கும். பட்டை வயர் மாட்டுவதற்கானது அது, 300 ஓம். கேம் பெட்டி வயர் 75 ஓம். இரண்டையும் பொருத்த நடுவில் பேலன் என்ற சின்னத் துண்டு வேண்டும். ரிச்சி தெருவில் ஆன்டெனா சாமான் வைத்திருக்கும் கடையில் கேட்டுப் பாருங்கள். வயரை உரித்து நேரே ஸ்க்ரூவில் சுற்றினாலும் படம் வரும், ஆனால் நிழல் நிழலாக ஓடும்.

படம் மேலும் கீழும் உருண்டால் பயப்பட வேண்டாம். நம் டிவி 625 கோடு, நொடிக்கு 50 தடவை. அமெரிக்க, ஜப்பான் பெட்டிகள் 525 கோடு, நொடிக்கு 60 தடவை. கருப்பு வெள்ளை டிவியில் வி-ஹோல்ட் என்ற குமிழைத் திருகினால் பல டிவியில் நின்றுவிடும். கலர் டிவியில் படம் நின்று நிறம் மட்டும் வராமல் போனால் மெனுவில் கலர் சிஸ்டத்தை ஆட்டோவிலோ, அமெரிக்க, ஜப்பான் கலர் முறையான என்டிஎஸ்சியிலோ வைத்துப் பாருங்கள், அந்த வசதியே இல்லாமல் நம் ஊர் கலர் முறையான பால் (PAL) மட்டும் உள்ள டிவி என்றால் கருப்பு வெள்ளையாகத்தான் ஆட முடியும். ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன்: 60க்கு எழுதிய கேமை மாற்றம் செய்யாமல் 50ல் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு மெதுவாகும், பாட்டும் இழுத்துக்கொண்டு வரும்.

பெட்டி இல்லாமல் கம்ப்யூட்டரிலிருந்து டியூப் டிவிக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றும் சின்னப் பெட்டி வாங்க வேண்டும். ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவதும் அதே அளவில், அதே மாதிரி பெட்டியில் வரும். மேலே அச்சிட்டிருப்பதைப் படித்து, அம்புக்குறி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து வாங்குங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு இன்னொன்றைக் கவனிப்பீர்கள். படத்தின் ஓரம் கொஞ்சம் காணாமல் போயிருக்கும். டியூப் டிவி வேண்டுமென்றே படத்தைச் சட்டத்துக்கு வெளியே வரை நீட்டி வரையும், மின்சாரம் ஏறி இறங்கும்போது கருப்பு ஓரம் தெரியக் கூடாது என்பதற்காக. கேம் செய்தவர்களுக்கும் இது தெரியும், அதனால்தான் ஸ்கோரை ஓரத்தில் ஒட்டாமல் உள்ளே தள்ளிப் போட்டார்கள். ஸ்கோர் பாதி வெட்டுப்பட்டால் டிவியில் படத்தின் உயரம், அகலம் சரிசெய்ய வேண்டும், அது மெக்கானிக் வேலை.

துப்பாக்கி கேம் பிடித்தவர்களுக்கு டியூப் டிவியை விட்டால் வழியே இல்லை. வாத்து சுடும் கேமில் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை, அதன் குழாய்க்குள் ஒளியை உணரும் ஒரு சில்லுதான் இருக்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக் கருப்பாகும், அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். அந்த வெளிச்சம் குழாய்க்குள் விழுந்தால் வாத்து செத்தது. இது எல்லாம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கணக்கில் நடக்கிறது. டியூபில் வெளிச்சம் சொன்ன நேரத்துக்கு வரும். எல்இடி டிவி படத்தை வாங்கி, திருத்தி, தாமதமாகக் காட்டும், அதற்குள் கேம் கணக்கை முடித்திருக்கும். டியூப் டிவியிலேயே 100 ஹெர்ட்ஸ் என்று போட்ட பிற்காலப் பெரிய டிவிகளும் படத்தைச் சேமித்துத்தான் காட்டும், அவற்றிலும் துப்பாக்கி வேலை செய்யாது. இந்த ஒரு கேமுக்கு மட்டும் நான் 20 இன்ச்சைச் சொல்வேன், 14 இன்ச்சில் குறி மிகச் சின்னதாகி, குழந்தைகள் துப்பாக்கியைக் கண்ணாடியிலேயே கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள்.

எல்இடியில்தான் ஆட முடியும் என்றால் ஒரு பெருக்கல் போதும். அகல வடிவ டிவியில் 4:3 படத்தை நீட்டாமல் போட்டால், டிவி சைஸை 0.82ஆல் பெருக்கினால் கேம் படத்தின் சைஸ். 32 இன்ச் எல்இடியில் கேம் 26 இன்ச். 43ல் 35. 24 இன்ச் எல்இடியில் 19.7 வரும், அதாவது சுமார் 50 செ.மீ., பழைய 20 இன்ச் டிவிக்கும் 21 இன்ச் டிவிக்கும் நடுவில். இருபக்கமும் வரும் கருப்புப் பட்டையைப் பார்த்து மனம் தாங்காமல் படத்தை இழுத்து நிரப்பாதீர்கள், உருண்டைப் பந்து முட்டையாகிவிடும்.

இப்போது அந்த கலர் ஷீட்டுக்கு வருகிறேன். வீட்டில் ஆடும் வீடியோ கேம் பெட்டியாக உலகத்தில் முதலில் விற்பனைக்கு வந்தது மேக்னவாக்ஸ் ஒடிஸி, 1972ல். ரால்ஃப் பேர் என்ற எஞ்சினியர் 1966ல் யோசிக்கத் தொடங்கி உருவாக்கியது. அந்தப் பெட்டியால் திரையில் காட்ட முடிந்தது இரண்டு மூன்று வெள்ளைக் கட்டங்களும் ஒரு கோடும்தான். நிறம் இல்லை, சத்தம் இல்லை, ஸ்கோரைக்கூடப் பேப்பரில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தக் குறையை ஈடுகட்டப் பெட்டியோடு படம் அச்சிட்ட பிளாஸ்டிக் ஷீட்களைக் கொடுத்தார்கள். டென்னிஸ் மைதானம், பேய் வீடு என்று பெரும்பாலான கேம்களுக்கு ஒவ்வொன்று. டிவி கண்ணாடி மேல் ஒட்டிவிட்டு, பின்னால் ஓடும் வெள்ளைப் புள்ளியை அந்தப் படத்துக்குள் நகர்த்தி ஆட வேண்டும். எல்லோர் வீட்டிலும் ஒரே சைஸ் டிவி இருக்காது என்பதால் ஷீட்களை இரண்டு சைஸில் தயாரித்தார்கள். முதல் வீடியோ கேமே டிவி சைஸைக் கேட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தது.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடனே எங்கள் சந்து ஞாபகம் வந்தது. கருப்பு வெள்ளை டிவிக்கு முன்னால் மேலே நீலம், கீழே வேறொரு நிறம் என்று ஒரு பிளாஸ்டிக் தட்டைத் தொங்கவிட்டு, இது கலர் டிவி என்று சொல்லி எங்களைத் தரையில் வரிசையாக உட்கார வைத்த வீடு ஒன்று இருந்தது. செய்தி வாசிப்பவரின் நெற்றி நீலமாக இருக்கும். எங்களுக்கு அது கலராகத்தான் தெரிந்தது, இப்போதும் அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

நீங்களும் செய்து பாருங்கள், செலவு அதிகம் இல்லை. 14 இன்ச் டிவியின் படம் 27.2க்கு 20.4 செ.மீ., ஏ4 தாள் 29.7க்கு 21, அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தும். 20 இன்ச்சுக்கு ஏ3 போதும். 21 இன்ச்சுக்கு மட்டும் ஏ3 உயரத்தில் ஒரு செ.மீ. பத்தாது. அச்சிடக்கூடிய, ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் தாளான ஓஎச்பி ஷீட் என்று கேளுங்கள், பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் பேப்பர் கடைகளுக்குப் பஞ்சமில்லை. லேசர் பிரிண்டர், ஜெராக்ஸ் மெஷினில் போடுவதற்கானதா என்று கேட்டு வாங்குங்கள், சாதாரண பிளாஸ்டிக் ஷீட்டை அதற்குள் விட்டால் உருகி மெஷினோடு ஒட்டிக்கொள்ளும். மைதானமோ, தெருவோ, காசிமேட்டுத் துறைமுகமோ, நீங்களே வரைந்து அச்சிடலாம். நடுவில் கேம் ஓடும் இடத்தை வெளிர் நிறமாக விடுங்கள். அடர் நிறம் போட்டால் பின்னால் வரும் வெளிச்சம் செத்துவிடும்.

வெட்டும்போதுதான் தையல் டேப். கண்ணாடி மேல் படியவைத்து, வளைவோடு அளந்து, அந்த அளவுக்கு வெட்டுங்கள். மூலைகளை டியூபின் உருண்டைக்கு ஏற்றமாதிரி ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துக் கோடு போட்டு நறுக்குங்கள். கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு டிவியை ஆன் செய்து இரண்டு நிமிடம் விடுங்கள். கையைக் கிட்டே கொண்டுபோனால் முடி சிலிர்க்கும், அந்த நிலைமின்சாரமே ஷீட்டைப் பிடித்துக்கொள்ளும், பசை தேவையில்லை. மேல் ஓரத்தை முதலில் வைத்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தடவிக்கொண்டே இறங்குங்கள். மழைக்காலத்தில் காற்று ஈரமாக இருந்தால் சரியாகப் பிடிக்காது, மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு துண்டு செலோடேப் போட்டுக்கொள்ளலாம்.

என்னுடைய 20 இன்ச்சுக்கு இரண்டாவது தடவை ஏ3 ஷீட்டில் 39க்கு 29 என்று வெட்டினேன். சட்டத்தின் உள் ஓரத்தில் நாலு பக்கமும் சரியாக உட்கார்ந்தது. பக்கத்து வீட்டுப் பையன் அதன் பின்னால் ஓடும் வெள்ளைக் கட்டத்தை மைதானக் கோட்டைத் தாண்டாமல் தட்டப் பழகிக்கொண்டிருக்கிறான்.